எங்கள் பெயர் அச்சடித்த யோகா மேட்

யோகா மேட் வேண்டும் என்று முதலில் கேட்டது என் அண்ணிதான்.

ராகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பிரா ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். புதியது கட்டிய பிறகு அது பூட்டியே கிடந்தது. சாவியைக் கேட்டு வாங்கி, கூட்டிக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்துவந்தேன். சீமெந்துத் தரை. மழைக்காலத்தில் சுவரோரம் ஈரம் ஊறி நிற்கும். அதன்மேல் உரச்சாக்கை விரித்துப் படுப்பார்கள். சிலர் மலையில் கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டுகிற படங்கையே அவிழ்த்து விரிப்பார்கள்.

"தரக் குளிரு முதுகுல ஏறி வயித்துக்குள்ள போவுது" என்றார் அண்ணி ஒருநாள். "ஒன் ஹோட்டல்ல வெள்ளக்காரங்க படுப்பாங்கன்னு சொன்னியே, மெத்து மெத்துன்னு ஒன்னு, அத எங்களுக்கும் ஒன்னு வாங்கேன்."

நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்யப் போனவள் நான். அங்கே விருந்தினருக்கு யோகா கற்பிக்க வந்த கொழும்பு அம்மா ஒருவருக்கு மேட் விரித்துக் கொடுப்பேன், துவாய் மடித்து வைப்பேன். அவர் என் உடம்பு வளைவதைப் பார்த்துவிட்டு, கண்டியில் ஒரு பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். பயிற்சி முடிந்து வந்த சில மாதங்களில் ஊரெல்லாம் அடைத்துப்போட்ட காலம் வந்தது. ஹோட்டல் மூடியது. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு நான் திரும்பினேன். அண்ணன் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் அண்ணியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும்.

அண்ணிக்குக் கழுத்து திரும்பாது. கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார். எங்கள் தோட்டத்தில் மூங்கில் கூடை எப்போதோ போய்விட்டது. இப்போது பச்சை நைலான் சாக்கின் பட்டியைத்தான் உச்சந்தலையில் மாட்டுகிறார்கள். பாரம் என்னவோ அதே பாரம்தான். வீட்டில் சும்மா இருந்த எனக்கு முதலில் கிடைத்த வேலை அந்தக் கழுத்துதான். சில மாதம் விடாமல் செய்ததில் ஒருநாள் அடுப்படியில் இருந்தபடியே முகத்தை மட்டும் திருப்பி, "ஏய், நான் திரும்பிட்டேன் பாத்தியா!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில்தான் அக்கம்பக்கத்துக் காம்பிராக்களில் இருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்கள் நான் சொன்ன ஆசனப் பெயர்களை வைத்துக்கொள்ளவில்லை. முழங்காலிட்டுக் குனிவது சாமி கும்புடுறது. கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது பல்லி எட்டிப்பாக்குறது. கடைசியில் கண்ணை மூடிப் படுப்பதைச் சவாசனம் என்று சொல்லப்போய், அர்த்தம் புரிந்ததும் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அது லீவு போடுறது.

இந்த நேரத்தில்தான் என் தோழி கொழும்பிலிருந்து திரும்பி வந்தாள். ஒரே லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அவள் வீடு வரிசையின் ஓரத்துத் தொங்கல் காம்பிரா, எங்களுடையது நடுவில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் கொழும்பில் ஒரு பெரிய போன் கடையில் இருந்தவள். சிங்களம் பேசினால் சிங்களவர்களே தங்கள் ஆள் என்று நினைத்து ஊர் எது என்று கேட்பார்கள். இங்கிலிஷும் தயங்காமல் வரும். எனக்கு இரண்டுமே தேவைக்கு மட்டும்தான்.

ஒரு ஞாயிறு வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத இந்த ஓட்டக் காம்பிராவுக்குள்ள வச்சிருக்கியேடி. டவுனுக்குக் கொண்டு போவோம். பேசுற வேலை எனக்கு, வளைக்கிற வேலை ஒனக்கு" என்றாள்.

அவள் சொன்னபடியே செய்தாள். நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தாள். வங்கியில் வேலைசெய்கிறவர்கள், ஆசிரியைகள், இரண்டு டாக்டர் வீட்டு அம்மாக்கள் என்று ஆட்களைச் சேர்த்தாள். ராகலையிலிருந்து கந்தப்பளை வழியாகப் பஸ்ஸில் போவோம், ஒன்றாகத் திரும்புவோம். பஸ்ஸில் வைத்துத்தான் எங்கள் வகுப்புக்குப் பெயர் வைத்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நான் சொல்லி, அவள் சிரித்து, பிறகு இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்த பெயர் அது.

படம் நான் வரைந்தது. அண்ணி பிள்ளைக்காம்பிராவில் சம்மணமிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்ததைப் பின்னால் இருந்து பார்த்து வரைந்தேன். ஒரு கொண்டை, ஒரு கழுத்து, நேரான முதுகு. அவ்வளவுதான். தோழி அதைப் போனில் படம் பிடித்துவிட்டு, "இதான்டி நம்ம லோகோ" என்றாள்.

அடுத்த ஏப்ரல் சீசனுக்கு முன்னால் எங்கள் பெயரும் படமும் போட்ட மேட் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். சீசனில் நுவரெலியா நிறைய ஆள் வரும். மேட்டைப் பார்த்தே நாலு பேர் விசாரிப்பார்கள் என்பது அவள் கணக்கு. டவுனில் பேனர், டீசேர்ட் அடித்துக் கொடுக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனிடம் போனோம்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மேட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து, கொழும்பில் அச்சடித்துக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

மேசைமேல் மாதிரிகளை அடுக்கினார். ஒன்று மெல்லியது, புதுச் செருப்புக் கடை மாதிரி மணத்தது. ஒன்று இறப்பர், தூக்கினால் கை இறங்கும் கனம். நடுத்தரமான ஒன்று இருந்தது. அதைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்குள்ளேயே கையை ஊன்றி உடம்பை வளைத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஊன்றினேன். அப்போதும் வழுக்கவில்லை.

நானா சிரித்தார். "தங்கச்சி, இத்தின வருஷம் கட நடத்துறேன், இப்பிடி ஒரு ஆள் சாமான் பாத்து நான் கண்டதில்ல."

"படம் எந்த எடத்துல வரும் நானா?" என்று கேட்டேன்.

"நடுவுல பெரிசாப் போடலாம். அதான் ஃபோட்டோவுக்கு நல்லா ஈக்கும்."

நான் வேண்டாம் என்றேன். எங்கள் பெண்கள் எழுத்தை மிதிக்க மாட்டார்கள். காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். அப்புறம் எங்கே யோகா செய்வது? தலைமாட்டில், ஓரமாக, கால் படாத மூலையில் சின்னதாகப் போடச் சொன்னேன். தோழியும் தலையாட்டினாள். பிறகு நானாவின் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தபடி, "முதுகுல ஒரு கூடை இருந்தா நல்லா இருக்கும் இல்ல?" என்றாள்.

"எதுக்கு?"

"இல்லாட்டி யாருக்குத் தெரியும் இது தோட்டத்து யோகான்னு?"

"கூடைய எறக்கி வச்சிட்டுத்தானே அவங்க நம்மகிட்ட வர்றாங்க" என்றேன்.

"சரிடி, ஒன் இஷ்டம்" என்று என் தோளில் தட்டினாள்.

நானா அந்த நடுத்தர மாதிரியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிள்ளைக்காம்பிராவில் விரித்தேன். வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகப் படுத்துப் பார்த்தார்கள். கால் கழுவிவிட்டு வந்து படுத்தார்கள். அண்ணியின் முறை வந்தபோது எழவே இல்லை. "இதுல லீவு போட்டா வேலைக்கே போக மனசு வராது" என்று கண்ணை மூடியபடி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மேட் வந்ததும் முதல் விரிப்பு இங்கேதான், டவுனுக்கு அப்புறம்தான் என்று அங்கே வைத்துச் சொன்னேன். தோழி என் பக்கத்தில்தான் நின்றாள். "ஆமாக்கா, முதல் ஒங்களுக்குத்தான்" என்று அவளும் சொன்னாள்.

ஆளுக்குப் பாதிக் காசு போட்டு அச்சுக்குக் கொடுத்த பிறகு நானாவோடு பேசுவதெல்லாம் அவள்தான். அதுதானே எங்கள் ஏற்பாடு. ஜனவரி போனது. கேட்டால், கப்பல் வரவில்லை என்றாள். பிறகு துறைமுகத்தில் கிடக்கிறது என்றாள். பிறகு, நிறம் மாறி வந்துவிட்டதால் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றாள். ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுருக்கி, என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டாள். பிள்ளைக்காம்பிராவில் பெண்கள் ஞாயிறுதோறும் கேட்பார்கள். நான் கப்பலைப் பற்றிச் சொல்வேன். "அந்தக் கப்பல நாங்க தள்ளியாவது விடுவோமா?" என்று ஒருத்தி கேலி செய்தாள்.

அண்ணி மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

தோழி வாரத்தில் சில நாட்கள் வகுப்புக்கு வராமல் இருந்தாள். புது இடத்தில் ஆள் பிடிக்கப் போகிறேன் என்றாள். அவள் வராத நாட்களில் ஒரு நாள், வகுப்பு முடித்துவிட்டு நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நானா ஒரு பார்சலோடு வந்தார்.

"என்ன தங்கச்சி, மேட் எப்பிடி? வழுக்குதா?"

"எங்க நானா, இன்னும் கப்பல்லதானே கெடக்குது?"

அவர் பார்சலைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் கப்பல்? மற்றத் தங்கச்சி சொல்லி நான்தானே லொறியில கொண்டு பெய்த்து ஹோட்டல்ல எறக்கிட்டு வந்தேன். ஒரு மாசத்துக்கு மேலயும் ஈக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "படத்துல முதுகுக்குக் கூடையப் போட்டு மாத்தி அடிக்கச் சொன்னதும் ஒங்க ரெண்டு பேரோட முடிவுன்னுதான் நான் நெனச்சேன்" என்றார்.

எந்த ஹோட்டல் என்று கேட்டேன். சொன்னார். ராகலை பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. த்ரீவீலர் ஒன்றைப் பிடித்துப் போனேன். வழி முழுக்க அவளுக்காகக் காரணம் தேடிக்கொண்டே போனேன். எனக்கு ஆச்சரியமாக ஏதாவது செய்ய வைத்திருப்பாள் என்றுகூட நினைத்தேன்.

அது டவுனுக்கு வெளியே, தேயிலை மலைக்கு நடுவில் இருக்கும் ஹோட்டல். வாசலில் இருந்த காவற்காரர் சிங்களத்தில் விசாரித்தார். யோகாவுக்கு வந்திருக்கிறேன் என்றதும் புல்வெளியைக் காட்டினார்.

மேட்கள் வரிசையாக விரித்திருந்தன. கடும் பச்சை நிறம். நாங்கள் தேர்ந்தெடுத்தது சாம்பல். எங்கள் பெயர் நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது. அதன்மேல் வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் காலை அகட்டி நின்றார்கள். என் படத்து முதுகில் ஒரு மூங்கில் கூடை ஏறியிருந்தது. கழுத்தைக் காணவில்லை. கூடையின் விளிம்பு அதை மறைத்துவிட்டது. முன்னால் என் தோழி, காதில் மாட்டும் மைக்கோடு, நான் சொல்லிக்கொடுத்த வரிசையில், நான் விடும் இடத்திலேயே மூச்சு விட்டு, இங்கிலிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால், தேயிலைச் செடியோரம், பளபளக்கும் சேலையில் எங்கள் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். முதுகில் புதிய மூங்கில் கூடை. விருந்தினர்கள் எழுந்துபோய் அவர்களோடு நின்று படம் எடுத்தார்கள். நடுவில் நின்றது என் அண்ணி.

அண்ணிதான் என்னை முதலில் பார்த்தார். தலையை மட்டும் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து நன்றாகத் திரும்பியது.

நான் சத்தம் போடவில்லை. வகுப்பு முடியும்வரை ஒரு பூச்சாடி ஓரமாக நின்றேன். போயிருக்கலாம். போகவில்லை. தோழி மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முகத்தில் பயமில்லை, பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி ஒரு சலிப்பு.

"சொல்லணும்னுதான் இருந்தேன்டி" என்றாள்.

"எப்ப? கப்பல் வந்த பிறகா?"

"இந்த ஹோட்டல்காரங்க நம்ம ரெண்டு பேரையும் கேக்கல. என்ன மட்டுந்தான் கேட்டாங்க. இங்கிலிஷ்ல நடத்துற ஆள்தான் வேணும்னாங்க. நான் என்ன செய்ய? ஒன்னால முடியாதுன்னு ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா?"

"அந்தப் பேரு?"

"பேரு என் பேர்லதான் பதிஞ்சிருக்கு. பதியுறதுக்குக் கந்தோர் கந்தோரா யார் அலஞ்சா? நான்தானே அலஞ்சேன். நீ ஒரு நாள் வந்தியா?"

நான் வராததற்குக் காரணம் அவள்தான். "அங்க சிங்களத்துல கேப்பாங்க, நீ எதுக்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் அவள்தான். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவளே, "ஒன் பங்குக் காச குடுத்துடறேன், அதுல ஒன்ன ஏமாத்த மாட்டேன்" என்றாள். நான் வாசலைப் பார்த்து நடந்தேன். என்னிடமிருந்து எடுத்தது காசு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று இரவு அண்ணியும் நானும் அடுப்படியில் இருந்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ரொட்டி தட்டினார். ஒன்றை என் பக்கம் தள்ளிவைத்தார். நான் தொடவில்லை.

"எத்தன நாளாப் போறீங்க அண்ணி?"

"கொஞ்ச நாளா."

"எனக்குச் சொல்லாம."

"நீ கோவிப்பேன்னு அவ சொன்னா. ஒனக்கும் எடம் எடுத்துத் தர்றேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னா. நம்பிட்டேன்." ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "அப்புறம் நம்பல. ஆனாலும் போனேன்."

"கூடையத் தூக்கிக்கிட்டு நிக்கவா நான் ஒங்களுக்கு அவ்வளவு நாள் சொல்லிக்குடுத்தேன்?"

அண்ணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அது வெறுங்கூட புள்ள. காத்து மாதிரி இருக்குது. மலையில நாள் முழுக்கத் தூக்குற சாக்குக்கு நீ கோவிக்கல. இதுக்குக் கோவிக்கிற. அங்க சும்மா நிக்கிறதுக்கு மலையில ஒரு நாள் பேருக்குத் தர்ற சம்பளத்த விடக் கூடக் குடுக்குறாங்க. இந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போட சப்பாத்து வாங்கணும்." சற்று நிறுத்தி, "நீ எங்கழுத்த நல்லாக்குன. அத நான் மறுக்கல. ஆனா ஒன்கிட்டச் சொல்லாம மறச்சது தப்புதான். அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லு" என்றார்.

தோழி மேல் வந்த கோபம் நெருப்பு மாதிரி, எரிந்தது, தெரிந்தது. அண்ணி மேல் வந்ததற்கு என்னிடம் பெயரில்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழை இல்லாததனாலேயே அது போகவும் இல்லை. கப்பல் வரட்டும் என்று நான் ஞாயிறுதோறும் சொன்னபோது, முன்வரிசையில் உரச்சாக்கின் மேல் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் அவர்.

அதன்பிறகு சில வாரங்கள் வகுப்பு எடுக்கவில்லை. மருந்துக்கடை மாடியை விட்டேன். டவுன் ஆட்களில் சிலர் விசாரித்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றேன். நானா ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்: புதிதாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்தால், முற்பணம் இல்லாமல் அடித்துத் தருகிறாராம். நல்ல மனிதர். எனக்குத்தான் இன்னொரு பெயரை நினைக்க முடியவில்லை.

இப்போது ராகலையில் ஒரு டியூஷன் வகுப்பு மண்டபத்தில், பிள்ளைகள் போன பிறகு, ஆசிரியைகளுக்கும் தாதிமாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அவரவர் மேட்டை அவரவர் கொண்டு வருகிறார்கள். ரோஸ், ஊதா, பூப்போட்டது என்று கண்டபடி நிறங்கள். வகுப்புக்குப் பெயர் என்ன என்று யாராவது கேட்டால், "பேரெல்லாம் இல்லீங்க, வாங்க" என்பேன். பிள்ளைக்காம்பிரா வகுப்பையும் மறுபடி தொடங்கினேன். முன்பு வந்தவர்களில் பாதிப் பேர் வருகிறார்கள். அண்ணி சீசன் முடிந்ததும் வந்தார். பின்வரிசையில் சாக்கை விரித்தார். அவருடைய தோளைப் பிடித்து நேராக்கினேன். மற்றவர்களுக்குச் செய்வதைப்போலத்தான் செய்தேன். முன்பு தொட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கும் தெரிந்திருக்கும்.

தோழியைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. ஒரே லயம், தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. பார்த்தால் அவள் அம்மா என்னை விசாரிப்பார், நான் அவரை விசாரிப்பேன். அவளும் நானும் வாளியைப் பார்ப்போம்.

போன மாதம் நுவரெலியாவிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினேன். ஒரே ஒரு இடம்தான் காலி. அது அவள் பக்கத்தில். நின்றுகொண்டே வந்திருக்கலாம். கால் வலித்தது, உட்கார்ந்தேன். பஸ் கந்தப்பளையைத் தாண்டியது. பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "ஹோட்டல்ல ஆள மாத்திட்டாங்க. கொழும்புல இருந்து ஒரு வெள்ளக்காரியக் கொண்டு வந்திருக்காங்க" என்றாள்.

"பேரு?"

"பேரையும் மேட்டையும் அவங்களே வச்சிக்கிட்டாங்க. கையெழுத்து வாங்கும்போது நான் சரியாப் பாக்கல."

எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாவமும் வரவில்லை. எங்கள் பெயரின் மேல் யாரோ காலை அகட்டி நிற்கிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் இங்கே பஸ்ஸில் இருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது.

தோட்டச் சந்தியில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் குடை இல்லை. அவள் தன்னுடையதை விரித்து, என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். லயம்வரை நல்ல தூரம். நான் குடைக்குள் வந்தேன். தோள் உரசாமல் இருக்க ஓரமாகவே நடந்ததில், வீட்டு வாசலுக்கு வரும்போது என் ஒரு கை முழுக்க நனைந்திருந்தது.